673 டாலர் என்று எழுதிய தாள்: பெல் நகர வழக்கின் கதை

2008ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய பெல் என்ற சின்ன ஊரில் குடியிருக்கும் ஒருவர், நகராட்சியை நடத்துகிறவர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டார். ஊருக்குள் அப்போதே பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. பதிலாக அவர் கையில் ஒரு தாள் வந்தது. நகர மேலாளருக்கு மாதம் 15,478 டாலர், நகர மன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 673 டாலர் என்று அதில் இருந்தது. கேட்டவருக்குச் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நகராட்சியே கொடுத்த தாள்.

அந்தத் தாள் பொய். மேலாளர் அப்போது வாங்கிக்கொண்டிருந்தது அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். மன்ற உறுப்பினர்கள் வாங்கியது பத்து மடங்குக்கு மேல். மேலிடத்தில் இருந்து சொன்னதால்தான் அந்த எண்களைக் கொடுத்ததாக நகரச் செயலர் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் அந்த 673. அது வாய்க்கு வந்த எண் அல்ல. அந்த அளவு மக்கள்தொகை உள்ள ஊரில் ஒரு மன்ற உறுப்பினர் சட்டப்படி வாங்கக்கூடிய உச்சத் தொகை அதுதான் என்று அரசுத் தரப்பு பின்னால் வாதாடியது. அதாவது சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்பது அந்தக் கட்டடத்துக்குள் யாரோ ஒருவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கோட்டைத் தாண்டிய பிறகும், வெளியே கேட்டால் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பிரதிநிதியின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்து பெல்லை விடத் தெளிவான பதிலைக் கொடுக்கும் ஊர் வேறு இல்லை. அதிகாரம் அந்த ஆளிடம் இல்லை, நாற்காலியிலும் இல்லை. முன்கூட்டி அறிவித்து, கதவைத் திறந்து வைத்து, கோரத்தோடு (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையோடு) கூடி, எல்லோர் கண் முன்னாலும் கை தூக்குகிறார்களே, அந்தக் கூட்டத்தில் மட்டும்தான் அது இருக்கிறது. கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகும் கவுன்சிலர் இன்னொரு குடிமகன், அவ்வளவுதான். பெல்லில் நடந்த தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு விதியை மீறியதில் இருந்து வந்தவை.

கலிபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டம்

1952இல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையின் நிருபர் மைக் ஹாரிஸ், உள்ளூர் மன்றங்கள் எப்படித் தனியறைகளில் பேசி முடித்துவிட்டுப் பொதுக்கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போடுகின்றன என்று பத்துப் பகுதிகளாக எழுதினார். அடுத்த ஆண்டே, மொடெஸ்டோவைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் கொண்டுவந்த மசோதா சட்டமானது. இன்றைக்கும் அதற்கு பிரவுன் சட்டம் என்றுதான் பெயர்.

அதன் முகவுரை நான் படித்த சட்ட வாசகங்களில் மிக நேரானது. மக்கள் தங்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகளிடம் தங்கள் இறையாண்மையை விட்டுக்கொடுத்துவிடவில்லை என்கிறது. அதிகாரத்தை ஒப்படைத்ததாலேயே, மக்கள் எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று முடிவுசெய்யும் உரிமையை ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டதாக ஆகாது என்றும் சொல்கிறது.

நடைமுறை விதிகள் எளிமையானவை. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை, சில அவசரங்களைத் தவிர, எடுத்துப் பேசக் கூடாது. பெரும்பான்மை உறுப்பினர்கள் டீ குடிக்கும்போதோ, போனில் ஒருவர் மாற்றி ஒருவரிடமோ மன்ற விஷயத்தைப் பேசி முடிவுக்கு வரக் கூடாது. வழக்கு, நிலப் பேரம், ஊழியர் நியமனம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் கதவை மூடிக்கொள்ளலாம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓர் அதிகாரியை வேலைக்கு எடுப்பதா, நீக்குவதா என்று மூடிய அறையில் பேசலாம். ஆனால் அவருக்கு எவ்வளவு சம்பளம் என்பதை அந்தக் காரணம் சொல்லி மூடிய அறையில் முடிவு செய்ய முடியாது. ஒழுங்கு நடவடிக்கையாகச் சம்பளத்தைக் குறைப்பது மட்டும் விதிவிலக்கு. மக்கள் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பது வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் அவ்வளவு கறாராகச் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் பெல்லில் நடந்தது நடந்தது.

400 ஓட்டுகூட விழாத தேர்தல்

பெல் மொத்தமே இரண்டரை சதுர மைல். அப்போது மக்கள்தொகை 35,000க்குச் சற்று மேல். பத்தில் ஒன்பது பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. தொழிற்சாலை, கிடங்கு, சமையல், துப்புரவு என்று உடலுழைப்பில் பிழைக்கும் குடும்பங்கள். ஐந்து பேர் கொண்ட நகர மன்றம், அவர்களுக்குள் ஒருவரே மேயர். அன்றாட நிர்வாகம் முழுவதும் மன்றம் வேலைக்கு வைக்கும் நகர மேலாளர் கையில். நம் ஊர் நகராட்சி ஆணையர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆணையரை மாநில அரசு அனுப்புகிறது. இங்கே மேலாளரை எடுப்பதும் நீக்குவதும் மன்றத்தின் உரிமை. மன்றம் கண்ணை மூடிக்கொண்டால் அவருக்கு மேலே ஆள் இல்லை.

ராபர்ட் ரிஸோ 1993இல் அந்த வேலைக்கு வந்தார். தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 72,000 டாலர்.

2005இல் கலிபோர்னிய அரசு பொதுச் சட்ட நகரங்களில், அதாவது மாநிலத்தின் பொதுச் சட்டப்படியே இயங்கும் நகரங்களில், மன்ற உறுப்பினர் சம்பளத்துக்குக் கடிவாளத்தை இறுக்கியது. துணை வாரியங்களில் உட்கார்ந்து படி வாங்கும் வழியையும் அடைத்தது. தனக்கென்று ஒரு சாசனம் எழுதி வாக்காளர்களிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்ட நகரங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. அதே ஆண்டு நவம்பரில் பெல் சாசன நகரமாவதற்குத் தனியாக ஒரு சிறப்புத் தேர்தல் நடத்தியது. வேறு எந்தத் தேர்தலும் அதோடு சேர்ந்து வரவில்லை. விழுந்த ஓட்டுகள் 400கூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் தபால் ஓட்டுகள். சம்பள உச்சவரம்பு போய்விடும் என்று வாக்குச்சீட்டில் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்த நாளைப் பற்றி நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. சட்டப்படி அது சரியான தேர்தல். அறிவிப்பு கொடுத்தார்கள், சாவடி திறந்தார்கள், எண்ணினார்கள். ஒரு ஊரே தன் பணப்பெட்டியின் பூட்டைக் கழற்றிக் கொடுத்தது. அது தெரிந்து ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆனால் அந்தச் சாசனமே உறுப்பினர்களின் காலை வாரியது என்பது பின்னாளில் தெரிந்தது. பெல்லின் சாசனத்தில், மன்ற உறுப்பினர்களின் ஊதியம் அதே அளவுள்ள பொதுச் சட்ட நகரங்களுக்கு மாநிலச் சட்டம் வகுத்தபடியே இருக்கும் என்று ஒரு பிரிவு இருந்தது. தப்பிக்கத் தோண்டிய வழியிலேயே வேலி இருந்திருக்கிறது. வழக்கில் அரசுத் தரப்பு இறுகப் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

ஓரிரு நிமிட வாரியங்கள்

மன்ற உறுப்பினர் என்ற முறையில் வாங்கும் தொகையைக் கூட்ட முடியாது. அதனால் பணம் வாரியங்கள் வழியாக வந்தது. பொது நிதி ஆணையம், உபரிச் சொத்து ஆணையம், சமூக வீட்டுவசதி ஆணையம், திடக்கழிவு மற்றும் மறுசுழற்சி ஆணையம் என்று வரிசையாகப் பெயர்கள். எல்லாவற்றிலும் உட்கார்ந்திருப்பது அதே ஐந்து பேர். நகர மன்றக் கூட்டம் நடக்கும் அதே மேசையில், அதே நாற்காலியில், ஒரு வாரியத்தைத் தொடங்கி ஓரிரு நிமிடத்தில் முடித்து அடுத்ததைத் தொடங்குவார்கள். சில மாதங்களில் அதுவும் இல்லை. கூட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதச் சம்பளம் மட்டும் தவறாமல் வந்தது. 2010இல் ஒரு உறுப்பினர் ஆண்டுக்குச் சுமார் 97,000 டாலர் பெற்றார். முழுநேர வேலை இல்லாத பதவிக்கு.

ஐந்து பேரில் ஒருவர் மட்டும், 2009இல் நியமிக்கப்பட்ட லொரென்ஸோ வெலெஸ், ஆண்டுக்கு 8,076 டாலர்தான் வாங்கினார். 12ஆல் வகுத்துப் பாருங்கள், 673. மற்றவர்கள் வாங்கியது தனக்குத் தெரியாது என்றார் அவர். ஒரே மேசையில் உட்கார்ந்த உறுப்பினருக்கே தெரியாமல் இருந்தது என்றால், பார்வையாளர் வரிசையில் இருந்தவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இங்கேதான் திறந்த கூட்டச் சட்டத்தின் பலவீனமான எலும்பு தெரிகிறது. அஜெண்டாவில் ஒவ்வொரு விஷயத்துக்கும் சுருக்கமான விளக்கம் போதும், பொதுவாக அது 20 சொற்களைத் தாண்ட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. நிர்வாக வசதிக்காக வைத்த விதி. தவறான எண்ணம் இல்லாத நகரத்தில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் 20 சொல்லுக்குள், ஒரு டாலர் எண்ணும் இல்லாமல், எதையும் எழுதி ஒட்டிவிட முடியும். அப்புறம் மொத்தமாகப் பல விஷயங்களைச் சேர்த்துக் கட்டி ஒரே கை தூக்கலில் நிறைவேற்றும் வழக்கம் அமெரிக்க நகர மன்றங்களில் எங்கும் உண்டு. கதவு திறந்தே இருக்கிறது, உள்ளே போய் உட்காரலாம், என்ன நடக்கிறது என்று மட்டும் புரியாது.

அறையில் உட்கார்ந்து கேட்கும் நிருபரும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் மட்டும் 88 நகராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்ப எந்தப் பத்திரிகையாலும் முடியாத காலம் அது.

மேலாளர் தனக்குத் தானே எழுதிய ஒப்பந்தம்

ரிஸோவின் விஷயம் இன்னும் ஒரு படி மேலே. அவருடைய பிந்தைய ஒப்பந்தங்கள் மன்றத்தின் ஒப்புதலுக்கே வரவில்லை, அவரே எழுதிக்கொண்டார் என்பது மாவட்ட அரசு வழக்கறிஞரின் குற்றச்சாட்டு. 2010இல் அவருடைய அடிப்படைச் சம்பளம் 7,87,637 டாலர். அந்த ஆண்டு அமெரிக்க அதிபரின் சம்பளம் 4,00,000. சலுகைகளையெல்லாம் கூட்டினால் ரிஸோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் வந்தது. ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 107 நாள் விடுமுறை, 36 நாள் மருத்துவ விடுப்பு. வேலை நாள் கணக்கில் 28 வாரத்துக்கு மேல். எடுக்காத விடுமுறைக்குக் காசு.

துணை மேலாளர் ஆஞ்செலா ஸ்பாச்சியாவுக்கு 3,76,288 டாலர். காவல்துறைத் தலைவர் ரேண்டி ஆடம்ஸுக்கு 4,57,000 டாலர். சில டஜன் காவலர்கள் உள்ள ஊரின் தலைவருக்கு, பக்கத்தில் இருக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரத்தின் காவல்துறைத் தலைவரை விடச் சம்பளம் அதிகம். ஆடம்ஸ் வேலைக்குச் சேரும் முன் அவருக்கும் ஸ்பாச்சியாவுக்கும் நடந்த மின்னஞ்சல் உரையாடல் பின்னால் வழக்கில் வெளிவந்தது. பெல்லின் பணத்தையெல்லாம் எடுத்துக்கொள்ள வருகிறேன் என்கிற மாதிரி அவர் எழுத, எல்லோரும் சேர்ந்தே கொழுப்போம் என்று இவர் பதில் எழுதியிருந்தார்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மனம் கசந்துவிடும். கலிபோர்னியாவில் 1996 முதல், வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் உள்ளூர் வரியை ஏற்ற முடியாது என்று மாநில அரசியல் சாசனமே சொல்கிறது. உள்ளூர்ப் பிரதிநிதிகளின் அதிகாரத்துக்குப் போட்ட மிக உறுதியான எல்லைகளில் ஒன்று அது. பெல் அதையும் தாண்டியது. மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங் 2010இல் நடத்திய தணிக்கையில், ஓய்வூதிய வரி, கழிவுநீர்க் கட்டணம், வணிக உரிமக் கட்டணம் என்று 50 லட்சம் டாலருக்கு மேல் சட்டவிரோதமாக வசூலாகியிருந்தது தெரிந்தது. பெல்லின் சொத்துவரி விகிதம் 1.55 சதவீதம். பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸை விட அதிகம். சம்பளப் பட்டியலையும் இந்த வரிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், உரிமக் கட்டணம் கட்டிய ஒரு சின்னக் கடைக்காரரின் முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது.

இத்தனை ஆண்டும் வெளித் தணிக்கையாளர்கள் வந்து போனார்கள். நகராட்சிக்கு வழக்கறிஞர் இருந்தார். யாரும் மணி அடிக்கவில்லை.

பூங்காவில் ஒரு சந்திப்பு

வெளியே வந்த விதம் தற்செயலானது. 2010 கோடையில் பக்கத்து ஊரான மேவுட் திவாலாகும் நிலையில் தன் காவல்துறையைக் கலைத்துவிட்டு, நிர்வாகத்தைப் பெல்லிடம் ஒப்படைக்கத் தயாரானது. அதை எழுதப் போன லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீபும் ரூபன் வீவெஸும், பெல் மன்ற உறுப்பினர்களின் சம்பளத்தைப் பற்றி அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரிக்கிறது என்று கேள்விப்பட்டார்கள். பொது ஆவணச் சட்டப்படி ஒப்பந்தங்களைக் கேட்டார்கள். நகராட்சி இழுத்தடித்தது. வழக்குப் போடுவோம் என்றார்கள்.

கடைசியில் நகராட்சிக் கட்டடத்துக்கு வரச் சொல்லாமல், லிட்டில் பேர் பார்க் என்ற பூங்காவில் இருந்த கூட்ட அறைக்கு அவர்களை வரச் சொன்னார்கள். நீள மேசை. ஒரு பக்கம் இரண்டு நிருபர்கள். எதிரே ரிஸோவும் மற்ற அதிகாரிகளும் வழக்கறிஞர்களும். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டபோது, ஏழு லட்சம் என்றார் ரிஸோ. இந்த எண் ஜனங்களுக்குத் தொண்டையில் அடைக்கிறது என்றால் நான் தவறான தொழிலில் இருக்கிறேன் போல, தனியார் துறைக்குப் போனால் இதைச் சம்பாதித்துவிடுவேன் என்கிற அர்த்தத்தில் அவர் பேசியது பத்திரிகையில் வந்தது.

அந்த அறையில் அன்றைக்கு நடந்தது, பல ஆண்டுகளாக மன்றக் கூடத்தில் நடந்திருக்க வேண்டியது. ஒரு கேள்வி, ஒரு எண், எதிரே கேட்கும் ஆள். இவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஜூலை 15 அன்று செய்தி வந்தது. அடுத்த வாரம் மன்றம் கூடியபோது ஊரே வெளியே நின்றது. உள்ளே மூடிய அறையில் பேச்சு நள்ளிரவைத் தாண்டிப் போக, ரிஸோ, ஸ்பாச்சியா, ஆடம்ஸ் மூவரும் பதவி விலகச் சம்மதித்தார்கள் என்று அறிவித்தார்கள். நான்கு நாள் கழித்து உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தில் 90 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அது போதவில்லை. பாஸ்தா என்ற பெயரில் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். ஸ்பானிஷ் மொழியில் அதற்குப் போதும் என்று அர்த்தம். கூட்டத்துக்குக் கூட்டம் வந்து நின்றார்கள், மைக்கைப் பிடித்தார்கள், பதவி நீக்கத் தேர்தலுக்குக் கையெழுத்துத் திரட்டினார்கள். பிரவுன் சட்டம் மக்களுக்குக் கொடுத்திருக்கும் மிகச் சிறிய உரிமை, கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை. அது அன்றைக்குத்தான் பெல்லில் உயிரோடு எழுந்தது.

செப்டம்பர் 21 அன்று ரிஸோ, ஸ்பாச்சியா, இந்நாள் முன்னாள் உறுப்பினர்கள் ஆறு பேர் என்று எட்டுப் பேர் கைதானார்கள். ஊக்கமருந்து ஏற்றிய ஊழல் இது என்றார் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஸ்டீவ் கூலி.

நீதிமன்றம் எதைத் தண்டித்தது

வழக்கு பிரவுன் சட்டத்தின் கீழ் நடக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. திறந்த கூட்டச் சட்டத்தை மீறுவது, மக்களிடம் இருந்து தகவலை மறைக்கும் எண்ணத்தோடு செய்தால் மட்டுமே குற்றம். அதுவும் சிறு குற்றம். மீறி எடுத்த முடிவை ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் அதற்கு முன் மன்றத்துக்கே எழுதி, திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும். எழுதுவதற்குப் பொதுக்கூட்டத்தில் எடுத்த முடிவு என்றால் 30 நாள், மற்றவற்றுக்கு 90 நாள் கெடு. பல ஆண்டு கழித்து விஷயம் தெரிந்த ஊருக்கு இந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. அதனால் அரசுத் தரப்பு எடுத்தது பொதுப்பணத்தைச் சட்ட அனுமதி இல்லாமல் கையாண்ட குற்றம் என்ற பிரிவை.

உறுப்பினர்களின் வாதம் கேட்பதற்கு மனிதத்தன்மையோடு இருந்தது. நாங்கள் நாள் முழுக்க உழைத்தோம், வீடு வீடாகப் போனோம், ஏழைகளுக்கு உணவு கொடுத்தோம், இது தவறு என்று எந்த வழக்கறிஞரும் எங்களிடம் சொல்லவில்லை என்றார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அந்த உழைப்புக்கு விலை நிர்ணயிக்கும் அதிகாரம் உழைத்தவருக்கு இல்லையே. தேர்ந்தெடுக்கப்பட்டவரின் நல்லெண்ணம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது சட்டம் போட்ட எல்லையை நகர்த்தாது. இந்த இடத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அந்த ஆறு உறுப்பினர்கள் மீதான வழக்கில் 2013 மார்ச்சில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. ஆஸ்கர் ஹெர்னாண்டஸ், தெரெசா ஹகோபோ, ஜார்ஜ் மிராபல், ஜார்ஜ் கோல், விக்டர் பெல்லோ ஐவரும் சில குற்றச்சாட்டுகளில் குற்றவாளிகள். லூயிஸ் ஆர்டிகா முழு விடுதலை. எந்தக் குற்றச்சாட்டுகளில் தண்டனை, எவற்றில் விடுதலை என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த வழக்கின் உள்ளே இருக்கும் சட்டம் தெரிகிறது. பொது நிதி ஆணையத்தில் வாங்கிய சம்பளத்துக்கு விடுதலை. வேறு சில வாரியங்களில் ஜூரிக்குள் ஒருமித்த கருத்து வரவில்லை. திடக்கழிவு மற்றும் மறுசுழற்சி ஆணையத்தில் வாங்கிய சம்பளத்துக்குத் தண்டனை. ஏன் அது மட்டும்? அந்த ஆணையத்தை முறைப்படி உருவாக்கியதாகவே காட்ட முடியவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். நிமிடக் கணக்கில் நடந்த கூட்டமும் கூட்டம்தானா என்று ஜூரிகள் தடுமாறினார்கள். சட்டப்படி பிறக்கவே இல்லாத ஒரு வாரியத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அதைக் காட்டிக் கொடுத்தவை தீர்மானங்களும் கூட்டக் குறிப்புகளும். எந்த வாரியம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எந்தத் தீர்மானம் இருக்கிறது, எது இல்லை. யாரும் படிக்கமாட்டார்கள் என்று எழுதி வைத்த பக்கங்களை, பல ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். திறந்த நிர்வாகச் சட்டங்கள் நேரடியாகத் தண்டிக்காமல் போனாலும், அவை கட்டாயப்படுத்தி எழுதவைத்த தாள்கள் சாட்சி சொன்னன. என் பார்வையில் அவற்றின் உண்மையான பலம் இதுதான்.

மிச்சக் குற்றச்சாட்டுகளுக்கு மறு விசாரணை வரும் முன், 2014இல் ஐவரும் எதிர்வாதம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஹகோபோவுக்கு இரண்டு ஆண்டு, ஹெர்னாண்டஸ், மிராபல், பெல்லோ மூவருக்கும் ஓராண்டு, கோலுக்கு வீட்டுக்காவல். ரிஸோ 69 குற்றச்சாட்டுகளை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 88 லட்சம் டாலர் திருப்பிக் கட்டவும் உத்தரவு. ஸ்பாச்சியாவுக்கு 11 ஆண்டு 8 மாதம். ஆடம்ஸ் மீது குற்ற வழக்கு போடப்படவில்லை. ஊரில் பலருக்கு அது இன்னும் ஆறாத விஷயம்.

கோரம் இல்லாத மன்றம்

தண்டனைகளுக்கு முன் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆர்டிகா ராஜினாமா செய்துவிட்டார். 2011 தொடக்கத்தில், வழக்கில் இருந்த மூன்று உறுப்பினர்கள் நகராட்சிப் பணியில் ஈடுபடக் கூடாது என்று நீதிபதி தடை போட்டார். மிச்சம் இருந்தது வெலெஸ் ஒருவர். ஐந்து பேர் மன்றத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு கோரம் வராது. கூட்டம் கூட்ட முடியாது, பில் பாஸ் பண்ண முடியாது, எந்த முடிவும் எடுக்க முடியாது. ஊழல் கறை படாத, சட்டப்படியான சம்பளம் வாங்கிய ஒரே உறுப்பினர் அவர். அவரிடம் நகரத்தையே கொடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. தனி ஆளாக அவரிடம் எந்த அதிகாரமும் இல்லை. ரிஸோ தனியாக உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதியதைத் தடுத்திருக்க வேண்டிய அதே விதி, இந்த நேர்மையான மனிதரையும் தடுத்தது.

2011 மார்ச் 8 அன்று தேர்தல் நடந்தது. பதவி நீக்கத்துக்கு ஆதரவாக 90 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. மன்றம் முழுக்கப் புதிய முகங்கள். வெலெஸும் தோற்றார். சாசனத் தேர்தலில் 400 பேர்கூட வராத ஊரில், இந்த முறை ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸுக்குப் பொதுச்சேவைப் பிரிவில் புலிட்சர் விருது கிடைத்தது. கூடுதலாக வாங்கிய சொத்துவரியை வீட்டுக்காரர்களுக்குத் திருப்பித் தர மாநிலத்தில் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது.

மாநிலம் முழுவதற்கும் நடந்த மாற்றங்கள் சிறியவை போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றும் பெல்லில் இருந்த ஒரு ஓட்டையை அளந்து வெட்டிய ஒட்டுத் துண்டு. 2010இலேயே கணக்குக் கட்டுப்பாட்டாளர் எல்லா நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் சம்பளப் பட்டியலை அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டு, அதை இணையத்தில் போட்டார். பொய்த் தாள் கொடுக்க இனி வழியில்லை. 2011இல் வந்த சட்டம், இணையதளம் உள்ள உள்ளாட்சிகள் அஜெண்டாவை அதிலும் வெளியிட வேண்டும் என்றது. உயர் அதிகாரிகளின் சம்பளத்தை 24 மணி நேர அறிவிப்பில் கூட்டும் சிறப்புக் கூட்டத்தில் எடுக்கவே கூடாது, 72 மணி நேர அறிவிப்புள்ள வழக்கமான கூட்டத்துக்குத்தான் வர வேண்டும் என்றது.

2016இல் இன்னொரு திருத்தம் வந்தது. உயர் அதிகாரியின் சம்பளத்திலோ சலுகைகளிலோ இறுதி முடிவு எடுக்கும் முன், அந்தப் பரிந்துரையின் சுருக்கத்தை அதே திறந்த கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாளில் எங்கோ ஒரு மூலையில் இருந்தால் போதாது, யாரோ ஒருவர் மைக்கில் அதை உரக்கச் சொன்ன பிறகுதான் கை தூக்கலாம்.